அப்பா சட்டையைக் கழற்றியபோது

திருவனந்தபுரத்தில் படிக்கும் என்னைப் பார்க்க, விடுமுறையில் அப்பாவும் அம்மாவும் மலேசியாவிலிருந்து வந்தார்கள். முதல் நாளே கிழக்கேகோட்டை பத்மநாபசுவாமி கோயிலுக்குக் கூட்டிப்போனேன்.

"ஷர்ட் ஊரணம், சாரே," என்று சட்டையைக் கழற்றச் சொன்னார் வாசல் காவலர்.

அப்பா தயங்கினார். "நீங்க போயிட்டு வாங்க. நான் வெளிய நிக்கிறேன்."

"என்னப்பா கூச்சம்? இங்க எல்லாரும் இப்படித்தான்." சிரித்துக்கொண்டே நானே அவர் பொத்தான்களைக் கழற்றினேன்.

நெஞ்சின் நடுவே நீளமாக ஒரு தையல் தழும்பு. என் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன.

"பைபாஸ் பண்ணாங்கடா," அம்மா மெல்லச் சொன்னார். "உனக்குப் பரீட்சை நேரம். அப்பாதான் சொல்லக் கூடாதுன்னுட்டார்."

உள்ளே பள்ளிகொண்ட பெருமாளை ஒரே பார்வையில் முழுதாகப் பார்க்க முடியாது. ஒரு வாசலில் முகம், அடுத்ததில் உந்தி, கடைசியில் பாதம். வாரம் தவறாமல் வீடியோ காலில் அப்பாவைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், முதல் வாசலில் மட்டும் நின்று.