ஊதுபத்தி நிமிர்ந்து நின்ற நாள்

போன மாதம் ஒரு காலை, அரியலூர் ஸ்டேஷனில் சிமென்ட் ஏற்றிய கூட்ஸ் வண்டிக்கு லைன் கிளியர் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். போன் வந்தது. என்னோடு முன்பு வேலை பார்த்த ஞானப்பிரகாசத்தின் மனைவி பிலோமினா. "தம்பி, அவரு போயிட்டாருங்க. விடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னாரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு" என்றார். அவர்கள் ஊரான ஏலாக்குறிச்சிக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று பக்கத்தில் இருந்த பாயிண்ட்ஸ்மேனைக் கேட்டேன். அவர் திருநெல்வேலிக்காரர். நான்தான் இந்த ஊரில் பிறந்தவன்.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். தொண்ணூறுகளின் கடைசியில், மேற்கே மலையைக் குடைந்து போட்ட ஒரு புது ரயில் பாதைக்கு எங்களை அனுப்பினார்கள். ஒரு நீண்ட சுரங்கத்தின் வாயருகே இருந்த சின்ன ஸ்டேஷனுக்கு நான் மாஸ்டர். டீசல் இன்ஜின் கக்கிவிட்டுப் போகும் புகையைச் சுரங்கத்திலிருந்து வெளியேற்றும் பெரிய மின்விசிறிகளுக்கு அவர் பொறுப்பு. என்னைவிட நாலு வயது மூத்தவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். இருவருக்கும் ஒரே மாவட்டம் என்று தெரிந்த அன்றே எங்களுக்குள் சமையல் ஒன்றாகிவிட்டது. அவர் வைக்கும் ரசத்தை மட்டும் அங்கே இருந்த ஆறு வருடமும் நான் பாராட்டியதில்லை. அது பாராட்டும்படி இருந்ததும் இல்லை.

அவருக்குப் பெண் எடுத்தது வேப்பந்தட்டையில். அந்தப் பக்கமெல்லாம் ரயிலே கிடையாது, பஸ்ஸும் டூவீலரும்தான். மாமனார் ஒருமுறை, "மாப்ள, ரயில்ல உங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்டாராம். இவர் சுருக்கமாக, "காத்து அடிக்கிற வேலைங்க மாமா" என்றிருக்கிறார். மாமனார் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "ரயிலுக்கு இரும்புச் சக்கரந்தானே, அதுக்கு எதுக்கு காத்து?" என்றாராம். கடைசிவரை மாப்பிள்ளை பஞ்சர் கடை மாதிரி ஏதோ வைத்திருக்கிறார் என்றே அந்த மனிதர் நம்பினார். இதைச் சொல்லும்போதெல்லாம் ஞானப்பிரகாசம் புதிதாகக் கேட்பவர் போலச் சிரிப்பார்.

ஆனால் அந்தக் காற்று விவகாரத்தை அவரைப் போல எளிமையாகச் சொன்னவர் இல்லை. சுரங்கத்துக்குள் ஓடும் ரயில், சைக்கிள் பம்ப்பின் தண்டு மாதிரி முன்னால் இருக்கும் காற்றைத் தள்ளிக்கொண்டு போகும். குட்டையான சுரங்கத்தில் அதுவே புகையைத் துடைத்துவிடும். நீளமான சுரங்கத்தில், சுமை வண்டி மெதுவாக ஏற்றம் ஏறினால் புகை உள்ளேயே தங்கிவிடும். அப்போது விசிறிகளை ஓட்டி ஒரு வாயிலிருந்து மறு வாய்க்குக் காற்றைத் தள்ள வேண்டும். "கறுப்புப் புகைக்கு நான் பயப்படலீங்க தம்பி. அது கண்ணுக்குத் தெரியுது, ஒதுங்கிக்கலாம். தெரியாத விஷவாயு ஒண்ணு கூடவே இருக்குது பாருங்க, அதுதான் ஆளைச் சாய்க்கும்" என்பார்.

அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஊதுபத்திப் பாக்கெட் இருக்கும். சுரங்க வாயில் ஒன்றைக் கொளுத்திப் பிடித்து, புகை எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு சாய்கிறது என்று பார்ப்பார். காற்று எப்படிப் போகிறது என்பது அதில் தெரிந்துவிடும். தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேன்கள் உள்ளூர்க்காரர்கள், தமிழ் தெரியாதவர்கள். இவர் தினம் சுரங்கத்துக்கு பூஜை செய்கிறார் என்று நினைத்து, ஒருநாள் தேங்காயும் குங்குமமும் கொண்டுவந்து நீட்டினார்கள். ஏலாக்குறிச்சி மாதா கோயில் பிள்ளையான அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு மரியாதையாகத் தேங்காயை வாங்கி உடைத்து எல்லோருக்கும் பங்கு கொடுத்தார். விசிறி மோட்டாருக்குக் குங்குமம் வைக்கவும் அவர் தடை சொல்லவில்லை.

இனி அந்த மழைக்கால நாளைச் சொல்ல வேண்டும். சுமை வண்டி ஒன்று ஏறிப்போனதும், சுரங்கத்தின் நடுவில் தண்டவாளம் ஓரிடத்தில் தட்டுகிறது என்று டிரைவர் தகவல் கொடுத்தார். அடுத்த வண்டி போவதற்குள் அதைச் சரிசெய்தாக வேண்டும். கன்ட்ரோல் அறையிலிருந்து எனக்குப் போன்மேல் போன். விசிறிகள் வழக்கமான நேரத்தைத் தாண்டியும் ஓடிக்கொண்டிருந்தன. சுரங்க வாயில் இருந்த மீட்டர் புகை இல்லை என்றது. நானே நடந்து போய் எட்டிப் பார்த்தேன், பளிச்சென்று இருந்தது. எட்டு கேங்மேன்களும் சாமான்களோடு தயாராக நின்றார்கள். அவர்களுடைய தலைவரான மேட்டிடம், போகலாம் என்று கையைக் காட்டினேன்.

ஞானப்பிரகாசம் ஊதுபத்தியோடு ஓடிவந்தார். புகை எந்தப் பக்கமும் சாயாமல் நேராக மேலே போயிற்று. "யாரும் போவக்கூடாது" என்று சொல்லிவிட்டு, தண்டவாளத்தின் குறுக்கே உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "அண்ணே, எந்திரிங்க. மீட்டர் கிளியர் காட்டுது. இது ரயில்வே, உங்க ஊர் கோயில் இல்ல" என்றேன். ஊதுபத்தியைக் காட்டிச் சொன்ன அந்தப் பேச்சை இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அவர் குரலை உயர்த்தவே இல்லை. "வாயில இருக்கற மீட்டர் வாயைத்தான் சொல்லும் தம்பி, வயித்தைச் சொல்லாது. அந்தப் பக்கத்துலேருந்து மழைக்காத்து எதுத்து அடிக்குது. நம்ம விசிறி இங்கேருந்து தள்ளுது. ரெண்டும் நடுவுல முட்டிக்கிட்டு நிக்குது. உங்க கிளியர் கண்ணுக்கு. என் கிளியர் மூச்சுக்கு."

கேங்மேன்களின் தலைவரிடம் யாரும் உள்ளே நுழையாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, எழுந்து போய் விசிறிகளை, காற்று எங்கள் பக்கம் வரும்படி எதிர்த்திசையில் சுற்றவிட்டார். எல்லோரையும் சுரங்க வாயைவிட்டு ஒதுங்கி ஜல்லிக் குவியலில் ஏறச் சொன்னார். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. நான் கடிகாரத்தைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். பிறகு, பளிச்சென்று இருந்த அந்த வாயிலிருந்து புகை வந்தது. அப்படிப் புகையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எதிரே இருந்த சிக்னல் மறைந்துவிட்டது. வந்துகொண்டே இருந்தது. எட்டு பேரும் ஜல்லிக் குவியலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் சண்டை தமிழில் நடந்தது. அவர்களுக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. ஸ்டேஷன் மாஸ்டரும் விசிறிக்காரரும் கலந்து பேசித் தங்களைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டார்கள். மேட் நேராக என்னிடம் வந்து, இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஞானப்பிரகாசம் பக்கத்தில்தான் நின்றார்.

வண்டி தாமதமானதற்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. விசிறிப் பிரிவின் பேரில் வந்ததால் அவருக்கு வந்தது. "காற்று நகரவில்லை. ஆட்களை அனுப்பவில்லை" என்று இரண்டே வரி எழுதிக் கொடுத்தார். போகச் சொன்னது யார் என்று அதில் இல்லை. நானும் வாய் திறக்கவில்லை. அன்று ராத்திரியும் வழக்கம்போல எனக்கு ரசம் ஊற்றினார்.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு அவர் வீட்டு வாசலில் பிலோமினா அண்ணியிடம், "அந்த மழைநாள் விஷயத்தை அண்ணன் சொல்லியிருக்காருங்களா?" என்று கேட்டேன்.

"எந்த மழைநாளு?" என்றார்.

இத்தனை வருடத்தில் அவர் கட்டிய மனைவியிடம்கூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணி அழவில்லை, கோபப்படவும் இல்லை. முடிவில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்த எட்டு பேருக்கும் தெரியுமா தம்பி?"

தெரியாது என்றேன்.

எங்களோடு அங்கே வேலை பார்த்த நீங்கள் சிலர் இன்னும் அந்தப் பாதையில் இருக்கிறீர்கள். இதைப் படித்தால் அந்த எட்டு பேருக்கும் அவர்களுடைய மொழியில் சொல்லுங்கள். உள்ளே போகச் சொன்னது நான். குறுக்கே உட்கார்ந்தது ஞானப்பிரகாசம். அவருக்குச் சேர வேண்டியது என்று என்னிடம் மிச்சம் இருப்பது, அவர்கள் எனக்குச் சொன்ன அந்த நன்றி ஒன்றுதான்.