பைத்தானுக்குக் கீழே என் பெயர்

எனக்குப் பைத்தான் தெரியாது. மூன்று ஆண்டுகளாகத் தெரிந்தவன்போல் நடித்து வருகிறேன்... போதுமா?

பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே இணையதளம் கட்டுவது என் பிழைப்பு. பிஎச்பி என்னும் கணினி மொழியில் இருபது ஆண்டுகள்! "துணைக்கு இன்னொரு மொழி தெரியுமா?" என்று பெங்களூர் மேலாளர் கேட்டபோது, பைத்தான் என்று கூசாமல் சொன்னேன். எங்கள் கடத்தூரில் மாவு மில்லுக்காரரே தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் அதட்டுகிறார். நான் மட்டும் ஒற்றை மொழியோடு நிற்பதா?

அந்த மொழி தெரிந்தவள் என் மனைவி ஸ்டெல்லா. கணக்கு டீச்சராக இருந்தவள். வேலையை விட்டபின் வீடியோ பார்த்துக் கற்றாள். வரியின் முன்னால் ஓர் இடைவெளி பிசகினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மொழி அது. அவளுக்குப் பொருந்தாமல் போகுமா!

எனக்கு வரும் பைத்தான் வேலைகளையும் அவளே எழுதுவாள். கணினி என்னுடையது, ஆகவே எழுதியவர் என்ற இடத்தில் என் பெயர் தானாகவே விழும். மாற்ற ஒரு நிமிடம் ஆகும். ஒரே வீட்டில் உன்னது என்னது என்ன என்று விட்டுவிட்டேன். அவள் பொருளில் எனக்கிருந்த பெருந்தன்மையைப் பாருங்கள்!

போன மாதம் அவளுக்கு ஒரு வேலைக்கான நேர்காணல், கணினித் திரையிலேயே. டீச்சர் வேலையை விட்டபின் அவள் ஆசைப்பட்ட முதல் வேலை. காபியோடு கதவருகே நின்றேன். தான் எழுதிய நிரல் ஒன்றைக் காட்டினாள்.

"இதுல அந்தோணின்னு பேர் இருக்கே மேடம்?"

"அது எங்க வூட்டுக்காரருங்க. எழுதுனது நாந்தாங்க."

"ஹஸ்பெண்ட் வேலைய எடுத்துக்கிட்டு இன்டர்வியூக்கு வரலாமா மேடம்?" சிரித்தார் அந்த மனிதர்.

இரண்டு எட்டு வைத்து, "அவள்தான் எழுதினாள்" என்று சொல்லியிருக்கலாம். அது பெங்களூர்க் காதுக்கு எட்டிவிட்டால்?... நின்றேன். காபியின் ஆடையைப் பார்த்துக்கொண்டு!

வெளியே வந்தவள் தம்ளரைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஏங்க, ஆறிப்போயிருக்கு! ரொம்ப நேரமா நிக்கிறீங்களா?"

"இல்ல... இப்பத்தான் வந்தேன்."

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். எங்கே பிழை என்று அவளுக்கு எப்போதும் தெரியும்.

"இந்த வேலை கெடைக்காதுங்க. வுடுங்க. உங்க மேனேஜர் கேட்டத முடிச்சு வச்சிருக்கேன், அனுப்பிச்சுடுங்க. மீட்டிங்ல வாயத் தொறந்து வெளக்க மட்டும் போயிடாதீங்க, சாமி!"

அனுப்பும்முன் எழுதியவர் பெயர் இருந்த இடத்துக்குப் போனேன். அந்தோணி... அழித்தேன். பிறகு அதையே மறுபடி அடித்து அனுப்பினேன்.

பக்கத்தில் உட்கார்ந்து அவள் அந்த ஆறிய காபியைக் குடித்துக்கொண்டிருந்தாள்.