கோமதி மதினி வாசித்த காசிப் பயணம்

போன வெள்ளிக்கிழமை சுரண்டையில் என் ஜவுளிக்கடையைத் திறந்துகொண்டிருந்தேன். தென்காசி பஸ்ஸில் வந்திறங்கிய அண்ணன் வீட்டுப் பக்கத்து வீட்டுக்காரர், "உங்க மதினி தவறிட்டாங்க. மார்வலி" என்றார். கடையை மறுபடி பூட்டிவிட்டுத் தென்காசிக்குப் பஸ் ஏறினேன்.

கோமதி மதினி ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். அண்ணனைக் கல்யாணம் செய்து வரும்போது பெட்டியில் ஒரு புத்தகம் கொண்டுவந்தார். காசிக்கு நடந்தே போய்த் திரும்பிய ஒருவர் எழுதியது. அடுக்களை வேலை முடிந்ததும் அதைத்தான் திரும்பத் திரும்ப வாசிப்பார். "அவரு நடக்காரு, நானும் கூடவே போறேன். எனக்குக் காலு வலிக்கல பாத்தீங்களா" என்று சிரிப்பார்.

ஒரு வருஷம் அண்ணனுக்கு மலைக்காய்ச்சல். வைத்தியர் கையை விரித்துவிட்டார். கஞ்சியைக்கூட அண்ணன் ஒதுக்கினார். மதினி அருகில் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தை வாசிக்கத் தொடங்கினார். அதில், கூட நடந்த நண்பர் ஒருவர் கோதாவரிக் கரையில் நோயில் விழுகிறார். அண்ணனுக்கு அவர்மேல்தான் கவனமெல்லாம்.

"அவன் எந்திரிச்சானா?"

"எந்திரிச்சிட்டாரு. கஞ்சி குடிச்சாராம். நீங்களும் குடிங்க."

மதினியின் வாசிப்பில் அந்த நண்பர் காசிக்கே போய்ச் சேர்ந்தார். அண்ணனும் மெல்ல எழுந்து உட்கார்ந்தார்.

குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்தது. உடம்பு தேறிய அண்ணன் ஒருநாள் தானே புத்தகத்தை எடுத்தார். நானும் அங்கே இருந்தேன். திடீரென்று கத்தினார்: "ஏட்டி கோமதி! இவன் கோதாவரிக் கரையிலேயே செத்துல்லா போயிட்டான்!"

அரிசி புடைத்துக்கொண்டிருந்த மதினி நிமிரவில்லை. "நீங்க பொழச்சிட்டீங்கல்லா. இனி அவரு போனா போகட்டும்." பிறகு கை நின்றது. "அந்த எடம் வந்தா கண்ணுல தண்ணி முட்டி எனக்கு எழுத்தே தெரியாது. பயத்துல வாய்க்கு வந்ததச் சொன்னேன்" என்று அழுதார்.

மறுநாள் காலை, ஊரே பார்க்க, அண்ணன் மதினியைக் கூட்டிக்கொண்டு குற்றாலத்துக்கு நடந்தார். இருவரும் அருவியில் குளித்துவிட்டு ஈரத்துணியோடு நடந்தே திரும்பினார்கள். அதைப் பற்றிப் பின்னாளில் மதினி என்னிடம், "தம்பி, நான் பாத்த காசி அதுதான்" என்றார்.

பிள்ளை இல்லாத அந்த வீட்டில் அண்ணன் இனி தனி. சிற்றாற்றங்கரைச் சுடுகாட்டுக்குக் கிளம்பும்போது, கால் நடுங்குகிறதே என்று அவரை வண்டியில் ஏறச் சொன்னோம்.

"வேண்டாம்லே. அவ கூட நடந்தே வாரேன்."

பாடையை ஒரு கையால் பற்றிக்கொண்டு கடைசிவரை நடந்தார். எங்கும் உட்காரவில்லை.

அண்ணனை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், மதினி. நீங்கள் நிம்மதியாகப் போங்கள்.