பூண்டு போட்ட பிரசாதம்

2006 கோடை விடுமுறை. கீழ்க்கட்டளையில் எங்கள் வீட்டில் ஒரு போர்ப் பிரகடனம். "ரெண்டு நாளாவது அடுப்படிப் பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டேன்" என்றாள் மனைவி. கல்யாணமான பதினான்கு வருடங்களில் அவள் கேட்ட ஒரே சுற்றுலா அதுதான்.

விடுவேனா? மூன்று வாரம் தாம்பரத்து பிரவுசிங் சென்டரில் குடியிருந்து, மாமல்லபுரம் போகும் வழியில் கடலோர ரிசார்ட் ஒன்றைப் பிடித்தேன். அறை, மூன்று வேளைச் சாப்பாடு, நீச்சல் குளம், 'எல்லாம் அடக்கம்' என்று போட்டிருந்தது. பகீரென்றது. 'அடக்கம்' என்ற சொல்லை எங்கள் தெருவில் சுவரொட்டிகளில்தான் பார்த்திருக்கிறேன், மாலை போட்ட படத்துக்குக் கீழே.

அப்போது பிடித்த பயம் விடவில்லை. சாப்பாடு வாயில் வைக்க முடியாவிட்டால்? பிள்ளைகள் பட்டினி கிடந்தால்? கிளம்பும் நாள் விடியற்காலை நாலு மணிக்கு மனைவியை எழுப்பி, "எதுக்கும் கொஞ்சம் புளிசாதம்..." என்று இழுத்தேன். அவள் பார்த்த பார்வையை அச்சில் ஏற்ற முடியாது. ஆனாலும் பிள்ளைகளுக்குப் பிடித்தபடி பூண்டு தட்டிப் போட்டு, பெரிய தூக்கு நிறையக் கிளறிக் கொடுத்தாள்.

ரிசார்ட் வாசலில் பலகை: 'வெளி உணவுக்கு அனுமதி இல்லை.' காவலாளி பையைத் தூக்கிப் பார்த்தார். "இன்னா சார், இம்மாங் கனமா கீது?"

யோசிப்பதற்குள் என் வாய் முந்திக்கொண்டது. "திருநீர்மலை பெருமாள் பிரசாதம்."

அவ்வளவுதான். தொப்பியைக் கழற்றி, செருப்பை உதறிவிட்டு, இரண்டு கையையும் நீட்டினார் அந்த மனிதர். ஒரு பிடி வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டார். "நாலு பேருக்குக் குட்தா உனக்குப் புண்ணியம் சார்" என்று தூக்கோடு சமையலறைக்கு நடந்தார். "அப்பா, அது நம்ம வீட்டு..." என்று ஆரம்பித்த மகளின் வாயில் ஒரு மிட்டாயைத் திணித்தேன்.

சாயங்காலம் டிபன் நேரம். தலைமைச் சமையல்காரர், பல்லாவரத்து பாய், கழுவித் துடைத்த தூக்கோடு எங்கள் மேசைக்கு வந்தார். என் காதருகே குனிந்தார்.

"சார், உங்க பெருமாள் எப்போலேர்ந்து பூண்டு சாப்பிடறாரு?"

காவலாளி என்னைக் கடலில் தூக்கிப் போடுவார், நானும் அடக்கம் என்றே முடிவு செய்துவிட்டேன்.

"பயப்படாதீங்க. கிச்சன் பசங்க கண்ணுல ஒத்திக்கிட்டுச் சாப்பிட்டாங்க, நான் ஏன் கெடுக்கணும்? ருசி அபாரம். யாரு கைப்பக்குவம்?"

"என்னுதுதான் பாய்" என்றாள் மனைவி. பிள்ளைகளுக்குத் தோசை வாங்க, தட்டோடு பாதி எழுந்து நின்றிருந்தாள். அவள் இட்லி ஆறிப் போயிருந்தது. "சமைக்கக் கூடாதுன்னுதான் இங்க வந்தோம். நாலு மணிக்கு எழுப்பிட்டாரு" என்று போட்டுக் கொடுத்தாள்.

பாய் என்னைத் திட்டவில்லை. "அக்கா, நீங்க உக்காருங்க. சார், நீங்க போய் பசங்களுக்கு வாங்கிட்டு வாங்க" என்றார். அவரே தோசைக்கல் முன்னால் நின்று, முறுகலாக ஒவ்வொரு தோசையாக வார்த்து, தானே கொண்டுவந்து அவள் தட்டில் போட்டார். அத்தனை பேருக்குச் சமைக்கும் தலைமைச் சமையல்காரர்!

இரண்டாவது தோசையில் அவள், "சூடா சாப்பிட்டா இப்படித்தான் இருக்குமா?" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. எங்களுக்கெல்லாம் வார்த்துப் போட்டுவிட்டுக் கடைசியில் ஆறியதைச் சாப்பிடுகிறவள்.

இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் தோசை நாள் என்றால் கல் முன்னால் நிற்பது நான்தான். ஒரு தோசையாவது வட்டமாக வந்ததில்லை, அவள் உட்கார்ந்தபடி குறை சொல்லத் தவறியதும் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறை மாவை ஊற்றும்போதும் நினைத்துக்கொள்கிறேன்: 'எல்லாம் அடக்கம்' பட்டியலை மூன்று வாரம் வரி விடாமல் படித்த நான் சேர்க்க மறந்த ஒருத்தியை, அந்த பாய் ஒரே பார்வையில் சேர்த்துவிட்டார்.