ஞாயிறுதோறும் முடுக்கியவர்

மருந்துக்கடைக்காரரைத் தெருவே டாக்டர் என்றுதான் கூப்பிடும். அவர் அதை ஏற்றுக்கொண்டதில்லை, மறுத்ததும் இல்லை. இருபத்திரண்டு வருடமாகக் கடையில் நின்று அவர் சொல்லிவரும் உபதேசம் இரண்டே இரண்டு: தானாக வைத்தியம் பார்க்காதே, அளவுக்கு மேல் விழுங்காதே. தன் வாசலில் நிற்கும் பழைய காருக்கு மட்டும் இரண்டும் பொருந்தாது என்று எப்படியோ முடிவுகட்டியிருந்தார். மெக்கானிக்கிடம் விடச் சொன்னால், "பெத்த பிள்ளையைக் கண்டவன் கையில கொடுப்பாங்களா?" என்பார். பெற்ற பிள்ளைகள் இரண்டையும் மூன்று வயதிலேயே பள்ளிக்கூடத்தில் தள்ளிவிட்டு நிம்மதியாகக் கடைக்குப் போனவர்தான்.

கார் ஆறு மாதமாக எண்ணெய் ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் மனைவியிடம் துணி தைக்க வருகிறவர்கள் அதே வாசல் வழியாகத்தான் வந்துபோக வேண்டும். போன வாரம் ஒரு பெண், தைத்து முடித்த வெள்ளை கவுனைப் போட்டுக்கொண்டு, நடந்து பார்க்கிறேன் என்று வாசல் வரை போய்த் திரும்பினாள். கீழ் விளிம்பு முழுக்கக் கறுப்பு.

மனைவி சத்தம் போடவில்லை. விளிம்பைப் பிரித்து, புதுத் துணி வைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டுத் தம்பிக்குப் போன் போட்டாள். "நீ கேட்டுக்கிட்டே இருந்தியே, அந்த வண்டி. ஞாயித்துக்கிழமை மத்தியானம் வந்து ஓட்டிட்டுப் போடா." பிறகு கணவர் பக்கம் திரும்பி, "அதுக்குள்ள ஒழுகுறது நின்னா வண்டி இருக்கட்டும். ஒரு சொட்டு விழுந்தாலும் அது தம்பி வண்டி" என்றாள்.

ஞாயிறு விடிந்ததும் விடியாததுமாக அவர் காருக்கடியில் மல்லாந்து கிடந்தார். பழைய எண்ணெயை வடிப்பதற்கென்று எஞ்சினின் அடியில் ஒரு போல்ட் உண்டு. சொட்டு அங்கிருந்துதான் விழுந்தது. அதன் வாஷரை ஏற்கெனவே மூன்று முறை மாற்றியாயிற்று. நான்காவது முறையும் மாற்றினார். கேட்காத காய்ச்சலுக்கு அதே மாத்திரையைத் திரும்ப எழுதும் டாக்டர்களைக் கடையில் நின்று கிழிகிழியென்று கிழிப்பவர் இவர். எண்ணெய் ஊற்றி எஞ்சினை ஓடவிட்டார். பத்தே நிமிடத்தில், கொஞ்சமும் கூச்சமில்லாமல், ஒரு சொட்டு வந்து தொங்கியது.

"ஏங்க, கூரை ஒழுகினா சொட்டுற எடத்துலயா ஓட்டை இருக்கும்?" என்றாள் மனைவி, படியில் நின்றபடி.

"எஞ்சினுக்கு ஏதுடி கூரை?"

"மேல ஒரு மூடி இருக்கே, அது என்ன, தொப்பியா? எல்லாத்தையும் சுத்தமாத் துடைங்க, வரேன்."

அவர் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துக் காயவைத்தார். அவள் முகத்துக்குப் போடும் பவுடர் டப்பாவுடன் வந்து, எஞ்சின் மேலிருந்து கீழ்வரை தட்டித் தூவினாள். மறுபடி ஓடவிட்டார்கள். சற்று நேரத்தில் வெள்ளைப் பூச்சின் நடுவே ஒரு கறுப்புக் கோடு கிளம்பியது. மேல்மூடியின் பின்மூலையில் பிறந்து, எஞ்சின் முதுகு வழியாக இறங்கி, நேராக அந்த அப்பாவி போல்ட்டில் போய் முடிந்தது.

சூடு ஆறியதும் மூடியைக் கழற்றினார். எண்ணெய் கசியாமல் அடைப்பதற்கு அடியிலிருந்த ரப்பர் கேஸ்கெட் போல்ட்டுக்குப் போல்ட் நசுங்கி, பிதுங்கி, வெடித்துக் கிடந்தது.

"இதை யாரு இப்படி நசுக்கினது?" என்றாள் மனைவி.

டாக்டர் காரின் சக்கரத்தைப் பார்த்தார். ஞாயிறுதோறும் குளிக்கப் போகும் முன் அந்த மூடியின் போல்ட்டுகளுக்கு ஒரு சுற்று ஸ்பேனர் போடுவது அவர் வழக்கம். எல்லாம் பாசம்தான். ஒழுக ஆரம்பித்த பிறகு பாசம் இரண்டு சுற்றானது.

"கொஞ்சந்தான் முடுக்கினேன்."

"எவ்வளவு கொஞ்சம்?"

"கை வலிக்கிற வரைக்கும்."

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள், சிரிப்புத் தாங்காமல். "ஒரு மாத்திரைக்குப் பதிலா நாலு போட்டா நாலு மடங்கு குணமாகுமான்னு வர்றவங்களை எல்லாம் கேப்பீங்களே!"

புது கேஸ்கெட் வீட்டிலேயே இருந்தது. பிரிக்காத உதிரிப் பாகங்களை ஒரு பெட்டி நிறைய வைத்திருந்தார். பொருத்திவிட்டு ஸ்பேனரை எடுக்கப் போனார்; அது அவள் கையில் இருந்தது. இரண்டே விரலால், மூலைக்கு மூலை மாற்றி மாற்றி முடுக்கினாள். "நூலை இறுக்கினா துணி சுருங்கிடும். இதுவும் அப்படித்தான் இருக்கும்."

"அந்த ஒண்ணு மட்டும் இன்னும் கொஞ்சம்..."

"உஷ்."

மத்தியானம் தம்பி வந்தபோது கார் ஓடிக்கொண்டிருந்தது. தலைமுடி வரை பவுடர் பூசிய டாக்டர், அடியில் விரித்த செய்தித்தாளையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா, மாவு மில்லுல சேர்ந்துட்டீங்களா?"

"பேசாம நில்லு மாப்ளே."

அரை மணி ஆயிற்று. தாளில் அச்சைத் தவிர வேறு கறுப்பு இல்லை.

"நான் வேணும்னா அடியில லேசா ஒரு தட்டு தட்டிப் பார்க்கட்டுமா?" என்றான் தம்பி, ஆசையை விட முடியாமல்.

"தொட்டுப் பாரு, கை இருக்காது!" என்றார் டாக்டர்.

அக்காள் தீர்ப்புச் சொன்னாள். "வண்டி இங்கேயே இருக்கட்டும். ஸ்பேனர் என்கிட்ட இருக்கட்டும். நீ சாப்பிட்டுப் போடா." சொன்ன கையோடு அதைத் தையல் மெஷின் டிராயரில் போட்டுப் பூட்டினாள்.

அடுத்த ஞாயிறு காலை டாக்டர் பானெட்டைத் திறந்துவைத்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். பார்ப்பதற்கு அனுமதி இருந்தது.