ஆயில் மூடிக்கு வைத்த சந்தனம்

அறுபதுகளில் மாட்டுங்காவில் ஒரு கேரேஜில் வேலை பார்த்தேன். வீடு தாராவியில், நடந்தே போய்விடலாம். கார்க்காரர்களிடம் பேசுவதென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் கார் வந்து நின்றதும் பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொள்வேன். பார்த்தவர்கள் என்னை மிகவும் பொறுப்பானவன் என்று நினைத்தார்கள்.

சரஸ்வதி பூஜை முடிந்த வாரம் ஒரு கம்பெனி மேனேஜர் தன் காரோடு வந்தார். முன்பக்கம் வாடிய மாலை இன்னும் தொங்கியது. இன்ஜின் முழுக்க எண்ணெய் வழிந்திருந்தது. டிரைவர் செல்லையா எங்கள் தெருக்காரன். அவனைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டே மேனேஜர் எங்களிடம் சொன்னார்:

"ரெண்டு நாளைக்கு ஒரு தடவை ஆயில் வாங்கணும்ங்கறான். வாங்கறதை வித்துட்டு, மேலே கொஞ்சம் ஊத்தி வச்சு, ஒழுகறதுன்னு காட்டறானோன்னு எனக்குச் சந்தேகம். சாயங்காலம் வரேன். இவனை வச்சுக்கறதா அனுப்பறதான்னு அப்போ முடிவு."

அவர் போனதும் எங்கள் மூத்த மெக்கானிக், மிஸ்திரி, எட்டிப் பார்த்தார். மாஹிம்காரர். எந்தக் கார் வந்தாலும் அவர் சொல்வது ஒன்றுதான். "ரிங் கயா. இன்ஜின் உதார்னா படேகா." பிஸ்டன் ரிங் போய்விட்டது, இன்ஜினைக் கீழே இறக்க வேண்டும் என்று அர்த்தம்.

செல்லையாவின் முகம் செத்துவிட்டது. இன்ஜின் நன்றாக இருந்தால் அவன் திருடன். கெட்டிருந்தால் அவன்தான் ஓட்டிக் கெடுத்தவன்.

"அண்ணாச்சி, ஆயில வித்துத் திங்கிறவன் காலர் கிழிஞ்ச சட்டையா போடுவான்?"

"அத அவர்ட்ட காட்டாத. சட்டை வாங்கத்தான் விக்கான்னு சொல்லிருவாரு."

முதலில் இன்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவருக்கு அடியில் கசிவைத் தடுக்கும் பேக்கிங்கை மாற்றினேன். இன்ஜினை ஓட விட்டதும் மறுபடி கசிந்தது. ஆயில் அளவு பார்க்கும் கம்பி தானாக மேலே எழும்பி வந்தது. ஊற்றிப் பார்ப்போம் என்று ஆயில் மூடியைத் திறந்தேன். புஸ்ஸென்று காற்று வந்தது, கசிவு நின்றுவிட்டது.

அந்த வண்டியில் இன்ஜின் மூச்சு விடுவதே மூடியின் ஓரத்துச் சிறு ஓட்டைகள் வழியாகத்தான். மூச்சை அடைத்தால் காற்று எண்ணெயைப் பிதுக்கி வெளியே தள்ளும். மூடியைத் துடைத்துப் பார்த்தேன். எண்ணெய் அழுக்குக்கு அடியில் சந்தனம், சுற்றிலும் கெட்டியாகக் காய்ந்து, சிமெண்ட் பூசியதுபோல.

"யாருலே இதுல அப்புனது?"

செல்லையா சுற்றுமுற்றும் பார்த்தான். "நான் டயருக்கும் ஸ்டியரிங்குக்கும் தான் வச்சேன் அண்ணாச்சி. வண்டிக்கு வாய் இதுதானேடான்னு சொல்லி ஐயாதான் கைநெறைய எடுத்து அப்புனாரு."

"அத அவர்ட்ட சொல்லிருவோமா?"

"சொல்லுங்க. திருடங்கிறதோட சாமிய பழிச்சவன்னும் சேத்துக்கிடுவாரு."

ஒரு தட்டில் பெட்ரோல் ஊற்றி மூடியைக் கழுவினேன். சந்தனம் போனது, கூடவே துருப்பிடித்த உள்வலையும் உதிர்ந்தது. அதே அளவில், ஓரத்தில் ஓட்டை உள்ள புது மூடி வாங்கி, ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்து மாட்டினேன். ஓடுகிற இன்ஜினில் மூடியின் ஓரமாக உள்ளங்கையை வைத்தேன். மெல்லிய சூடான காற்று பட்டது. மாலை வரை ஒரு சொட்டு கசியவில்லை.

மேனேஜர் கோவிலுக்குப் போய்விட்டு வந்தார். மிஸ்திரி என்னை முன்னால் தள்ளிவிட்டார்.

"மூடியில காத்து போற ஓட்டை அடைச்சிருந்துச்சு சார். அதான் ஆயில் வெளிய வந்திருக்கு. செல்லையா ஒண்ணும் செய்யல."

"எதனால அடைச்சுது?"

செல்லையா என் முகத்தையே பார்த்தான். "தூசி சார்," என்றேன்.

"அப்படிச் சொல்லுங்கோ. இவன் துடைக்கறதே இல்லை." செல்லையா அரை நிமிடத்தில் திருடனிலிருந்து சோம்பேறி ஆனான். அவனுக்கு அது பதவி உயர்வு.

அதோடு முடிந்திருக்கும். மேனேஜர் கையிலிருந்த பிரசாத இலையைப் பிரித்தார். "புது சாமான். ஒரு பொட்டு வைக்காம எப்படி?" மூன்று விரலில் சந்தனத்தை அள்ளிக்கொண்டு பானெட்டுக்குள் குனிந்தார்.

என் வாய் என்னைக் கேட்காமல் திறந்துகொண்டது. "சார், நடுவுல மட்டும் வைங்க. ஓரத்துல வேண்டாம்."

"ஓரத்துல வச்சா?"

"அதுக்கு மூச்சு முட்டும் சார்."

அவர் என்னைப் பார்த்தார். தட்டில் சந்தனக் கசடோடு கிடந்த பழைய மூடியைப் பார்த்தார். செல்லையா சட்டென்று வானத்தைப் பார்த்துக்கொண்டான். மேனேஜர் இரண்டு விரல் சந்தனத்தைக் கைக்குட்டையில் துடைத்துவிட்டு, மிச்சத்தைக் கடுகளவுக்கு நடுவில் வைத்தார்.

"செல்லையா, வண்டியை எடு."

பிறகு பல வருடம் செல்லையாதான் அந்தக் காரை ஓட்டினான். இறக்க வேண்டிய ஒரு இன்ஜின் கைவிட்டுப் போனதில் மிஸ்திரிக்கு மட்டும் வருத்தம்.

இப்போது கேரேஜுக்கு வரும் தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். பூஜை முடிந்து வருகிற வண்டியில் எண்ணெய் கசிந்தால், இன்ஜினை இறக்கும் முன் மூடியின் ஓரத்தைப் பாருங்கள். சந்தனம் இருந்தால் கழுவுங்கள், வலை போயிருந்தால் மூடியை மாற்றுங்கள். யார் வைத்தது என்று மட்டும் கேட்காதீர்கள். பில்லுக்குப் பணம் கொடுப்பவராக இருப்பார்.