மருமகள்களுக்கு அரக்கு

இபாதான் ஊரில் தொண்ணூறைத் தாண்டிய தாய் செத்தால் அது துக்க வீடு இல்லை, கிட்டத்தட்டக் கல்யாண வீடுதான். பந்தல், மேளம், ஜொலோஃப் சோறு, தெருவை அடைத்த கூட்டம். இந்த வீட்டில் மகள்களுக்குப் பொன் நிறம், மருமகள்களுக்கு அரக்கு நிறம் என்று துணி எடுத்திருந்தார்கள். நிறத்தைப் பார்த்தாலே உறவு தெரிந்துவிடும். துணி கிடைக்காதவளுக்கு உறவு இல்லை, அவ்வளவுதான்.

அவேரோவுக்கு இன்னும் துணி வரவில்லை.

விசேஷ வீடுகளில் பெண்களுக்குத் தலையில் கெலே கட்டிவிடுவது அவள் தொழில். மொறமொறவென்ற நீளத் துணியை நெற்றியில் இறுக்கி, மடிப்பு மடிப்பாக எடுத்து, விசிறி போல நிமிர்த்திக் குண்டூசி குத்துவாள். இந்த வீட்டு மூத்த மகன் அடிகுனோடு அவள் குடித்தனம் நடத்திப் பல வருஷமாயிற்று. அவன் மனைவி ரெமி அதற்கும் முன்பே கோபித்துக்கொண்டு லாகோசுக்குப் போனவள், கிழவி படுத்த படுக்கையாகக் கிடந்தபோது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பீ மூத்திரம் அள்ளியது அவேரோதான். ஆனால் அடிகுன் அவளுக்குப் பரிசம் போடவில்லை. கேட்டால், "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்பான். அந்த ஆளிடம் அடுத்த வருஷத்துக்கு மட்டும் பஞ்சமே இல்லை.

காலையிலிருந்து மருமகள்களுக்கு அவள்தான் கட்டிவிட்டாள்.

"மெதுவா இறுக்குக்கா, மூளை வெளிய வந்துரும்!" என்றாள் கடைசி மருமகள்.

"இருந்தாத்தானே வர்றதுக்கு?" என்றாள் அவேரோ. அறையே சிரித்தது.

அடிகுனின் அக்கா ஒமோலாரா உள்ளே வந்தபோது அவேரோ மெல்லக் கேட்டாள். "அக்கா, என் துணி?"

"மொதல்ல இவங்கள முடிடி. மூஞ்சியத் தூக்காத."

எல்லோரும் போனபின் ஒமோலாரா திரும்பி வந்து, கடைசி அரக்கு கெலேயை அவள் கையில் திணித்தாள். "இத உன் தலையில கட்டு. நல்லா நிக்கணும்."

அவேரோவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அன்று கட்டியதிலேயே அழகான மடிப்பு அவள் தலையில்தான் விழுந்தது. உடம்பில் பழைய பூப்போட்ட சட்டைதான், இருந்தாலும் முற்றத்துக்கு வந்தாள். அரக்கு நிறத்தைக் கண்டதும் மேளக்காரன் குனிந்து, இந்த வீட்டுக்கு விளக்கேற்ற வந்த மருமகளே என்று மேளமே பேசுகிற மாதிரி அவளுக்காக அடித்தான். பந்தலில் நின்ற அடிகுன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வெட்கப்படுகிறான் என்று நினைத்தாள் அந்தப் பைத்தியக்காரி.

வாசலில் கார் வந்து நின்றது. ஒமோலாரா ஓடிவந்தாள்.

"ரெமி வந்துட்டா. கழட்டு, கலையாம கழட்டு! வழியில மாட்டிக்கிட்டா, அதான் உன் தலையில வச்சுக் கட்டச் சொன்னேன்."

தாமதமாக வருகிறவர்களுக்கு இன்னொரு தலையில் கட்டி, தொப்பி மாதிரி எடுத்து வைப்பது இந்தத் தொழிலில் வழக்கம்தான். அவளே பலருக்குச் செய்திருக்கிறாள். இன்று மட்டும் அது புத்தியில் தட்டவில்லை.

"அக்கா, அம்மாவ நான்தானே பாத்துக்கிட்டேன்?"

"யாரு இல்லைன்னா? பரிசம் போட்டது அவளுக்கு. ஊரே பாக்குது, மானத்த வாங்காத."

அடிகுன் பக்கத்தில் வந்து முணுமுணுத்தான். "இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்க, அவேரோ. சத்தம் போடாத."

அவள் கெலேயைக் கழற்றி ரெமியின் தலையில் வைத்து, பின்பக்கத்தை இழுத்துச் சரிசெய்தாள். ரெமி கண்ணாடியில் பார்த்துச் சிரித்தாள். நல்ல மாதிரியாகத்தான் சிரித்தாள்.

"நல்ல கை உனக்கு. எந்தக் கடைம்மா நீ? சாப்பிட்டியா?"

அவேரோ அடிகுனைப் பார்த்தாள். அவன் தன் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

"வேலைக்கு வந்தவங்களுக்குப் பின்னாடி பரிமாறுறாங்க, போய்ச் சாப்பிடு" என்றாள் ஒமோலாரா.

கொல்லைப் பக்கம் ஜெனரேட்டர்காரனுக்கும் போட்டோக்காரனுக்கும் நடுவில் அவளுக்கும் ஒரு தட்டு வந்தது. முற்றத்தில் ரெமிக்காக மேளம் முழங்கியது. அவேரோ சாப்பிட்டாள். இவ்வளவுக்குப் பிறகும் பசிக்கிறதே என்றுதான் அவளுக்கு அழுகை வந்தது.